பதினொரு வயதுப் பையன், ஹாக்கி விடுதி: இப்போதே அனுப்பலாமா, பொறுக்கலாமா?

கரிசல்அப்பா:

அனைவருக்கும் வணக்கம். ஊர் சாத்தூர் பக்கம். நான் ஹாக்கி ஆடியவன் இல்லை, எங்கள் குடும்பத்தில் யாரும் ஆடியதில்லை. மகனுக்கு வயது 11, ஆறாம் வகுப்பு முடிக்கப் போகிறான். இரண்டு வருடமாகப் பள்ளியில் ஹாக்கி ஆடுகிறான். சரளை மண் கிரவுண்ட். உடற்கல்வி ஆசிரியர் காலை ஐந்தரைக்கே வந்து சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்துவிடுவார். இவனும் யாரும் எழுப்பாமல் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறான்.

போன வாரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஏழாம் வகுப்புக்கு அரசு விளையாட்டு விடுதித் தேர்வு வரும் சார், கோவில்பட்டிக்கு முயற்சி பண்ணுங்க, பையனுக்குக் கை நல்லா இருக்கு" என்றார். வீட்டில் அவன் அம்மாவுக்கு இதில் துளியும் மனசு இல்லை. இந்த வயதில் பிள்ளையை யாராவது வெளியே விடுவார்களா என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

இந்த வயதில் தொடங்கினால், இந்தியாவுக்கு ஆடுகிற வரைக்கும் இல்லையென்றால் ஒரு வேலையில் உட்காருகிற வரைக்கும், நடுவில் என்னென்ன படிகள் இருக்கின்றன? எந்தப் படியில் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்? ஆடியவர்களும் பிள்ளைகளை அனுப்பியவர்களும் சொன்னால் பெரிய உதவி.

விசில்வாத்தியார்:

வணக்கம் சார். நானும் உடற்கல்வி ஆசிரியர்தான், வேறு மாவட்டம். முதலில் படிகளைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி வழி ஒன்று. குறுவட்டம், அடுத்து வருவாய் மாவட்டம், அடுத்து மாநிலம். அங்கே தேர்வானால் தமிழ்நாடு பள்ளி அணி, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. சங்க வழி இன்னொன்று. மாவட்ட ஹாக்கி சங்கம், மாநில அணி, தேசியக் கூட்டமைப்பான ஹாக்கி இந்தியா நடத்தும் தேசியப் போட்டி. அதில் சப் ஜூனியர் 16 வயதுக்குள், ஜூனியர் 19 வயதுக்குள், பிறகு சீனியர். இந்திய ஜூனியர் அணி என்பது 21 வயதுக்குள். ஜூனியர் உலகக் கோப்பையும் அந்த வயதுக்குத்தான். 2025 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்ததே, அது.

இவை போக மத்திய அரசின் கேலோ இந்தியா இளையோர் போட்டி 18 வயதுக்குள். முதலமைச்சர் கோப்பையிலும் ஹாக்கி உண்டு.

இரண்டு வழியும் பிரிந்தே இருப்பதில்லை. ஒரே பையன் பள்ளி அணியிலும் ஆடுவான், மாவட்ட அணியிலும் ஆடுவான். தேர்வாளர்கள் பார்க்கிற இடம்தான் வேறு. ஆகவே ஒன்றில் விட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

அரசு விடுதிக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை. ஏழில் போகாவிட்டால் எட்டில் போகலாம், ஒன்பதில் போகலாம். இதை வீட்டம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், பாதிப் பயம் குறையும்.

பழைய_லெஃப்ட்ஹாஃப்:

நான் அரசு விடுதியில் படித்து ஆடியவன். எட்டாம் வகுப்பில் போனேன், பன்னிரண்டு வரை இருந்தேன். மாநில ஜூனியர் அணியில் இரண்டு தடவை ஆடினேன், அதற்கு மேல் போகவில்லை. இப்போது ஒரு வங்கியில் வேலை. அந்த வேலை ஹாக்கியால் வந்தது. இதைச் சொல்வது, நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

விடுதியா வீடா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் கேட்பது வேறு: பையன் வாரத்துக்கு எத்தனை நாள் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், கால் வைக்கிறான்?

மண்ணில் ஆடி வளர்ந்த பையனுக்குப் பந்து எப்போதும் குதித்துத்தான் வரும். கல் பட்டால் முழங்காலுக்கு ஏறும். அதனால் ஸ்டிக்கை நட்டுக்குத்தலாகப் பிடித்து, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தப் பழகுவான். அது நல்ல பழக்கம்தான், கண் கூர்மையாகும். ஆனால் டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்துத்தான் ஆடுவார்கள், அங்கே பந்து தண்ணீரைத் தெறித்துக்கொண்டு தரையோடு தரையாக வரும். நட்டுக்குத்தலாகப் பிடித்தால் ஸ்டிக்குக்கும் காலுக்கும் நடுவில் போய்விடும். அங்கே இடுப்பை இறக்கி, இடது கை விரல் முட்டி தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து, ஸ்டிக்கைப் படுக்கப் போட வேண்டும். ரிவர்ஸ் பக்கமும், அதாவது ஸ்டிக்கைத் திருப்பி இடப்பக்கம் வரும் பந்தை எடுக்கும்போதும், அப்படித்தான். மண்ணில் ரிவர்ஸில் படுக்கப் போட்டுப் பந்தை நிறுத்த யாரும் துணிய மாட்டார்கள், கல் தட்டி முகத்துக்கு வரும்.

இதைப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கற்றால் உடம்பு தானாகச் செய்யும். பதினேழு வயதில் கற்றால் ஒவ்வொரு பந்துக்கும் யோசித்துச் செய்ய வேண்டும். யோசிக்கிற அந்த அரை நொடியில் எதிராளி பந்தை எடுத்துப் போய்விடுவான். என் ஆட்டம் மாநில அளவில் நின்றதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நாங்கள் இருந்தபோது பயிற்சி மண்ணில், போட்டி டர்ஃபில். வட மாநிலப் பையன்களோடு முதல் ஆட்டம் ஆடியபோது முதல் பத்து நிமிடம் பந்து எங்கே போகிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தபோது இந்தியாவுக்கே இந்த அடிதான் விழுந்தது. அதற்கு முந்தைய வருடம், 1975இல், கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஜெயித்த நாடு. அந்த அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். அடுத்த வருடமே மான்ட்ரியலில் பதக்கம் இல்லை. 1980 மாஸ்கோவில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அதன் பிறகு 2021இல் வந்த டோக்கியோ வெண்கலம் வரைக்கும் 41 வருடம் ஒலிம்பிக் பதக்கமே கிடையாது. தரை மாறியதோடு சேர்த்துக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் தரை பெரிய காரணம்.

உங்களுக்குக் கோவில்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே செயற்கைப் புல்தரை இருக்கிறது. இந்த வாய்ப்பு தமிழ்நாட்டில் பல மாவட்டப் பையன்களுக்கு இல்லை. விடுதி பிறகு. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே கூட்டிப் போங்கள்.

தாமிரபரணிஅக்கா:

என் மகள் அரசு விடுதியில் இருந்தவள், ஹாக்கிதான். எட்டாம் வகுப்பில் அனுப்பினோம். இப்போது கல்லூரி. தம்பி, உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. நானும் கேட்டேன்.

முதல் ஆறு மாதம் தினமும் அழுகை. எனக்குத்தான், அவளுக்கு இல்லை. அவளுக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி, பள்ளிக்குப் போய், மாலை மறுபடி கிரவுண்டுக்குப் போய், ராத்திரி சாப்பிட்டதும் தூங்கவே நேரம் சரியாக இருந்தது. தங்குவதும் சாப்பாடும் உடையும் ஸ்டிக்கும் அரசே தருகிறது, எங்களுக்குச் செலவு என்று பார்த்தால் பஸ் செலவுதான். முட்டை, கறி எல்லாம் வீட்டில் நான் கொடுத்ததை விட அங்கே கூடுதலாகவே கிடைத்தது.

குறை படிப்பில்தான். போட்டிக்குப் போனால் பத்து நாள் பாடம் போய்விடும். திரும்பி வந்து கணக்கில் தடுமாறுவாள். அங்கே உட்கார வைத்துச் சொல்லித் தர ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு வருடம் நான் ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் போய் ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து கணக்கு போட வைத்தேன். அனுப்புகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். விடுதியில் விட்டாயிற்று, இனி அவர்கள் பாடு என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. விடுதியில் ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருடம் இடம் இல்லை என்று திருப்பி அனுப்புவது உண்டு. மகளோடு இருந்த ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் அப்படித் திரும்பினாள். ஊரில் எல்லோரும் "என்ன, திரும்பி வந்துட்ட?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை ஸ்டிக்கையே தொடுவதில்லை. அனுப்பும் முன்பே பையனிடம் சொல்லி வையுங்கள்: எப்போது திரும்பி வந்தாலும் இது உன் வீடு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் என் மகளிடம் இதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். இப்போதும் அதை நினைவு வைத்திருக்கிறாள்.

கரிசல்அப்பா:

அக்கா, உங்கள் பதிவை வீட்டில் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

லெஃப்ட்ஹாஃப் அண்ணன் சொன்ன தரை விஷயம் எனக்குப் புதிது. நான் ஸ்டிக்கைத்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஸ்டிக் வாங்கித் தரவில்லையே என்று ஒரு குறை மனதில் இருந்தது. இவன் வைத்திருப்பது பள்ளியில் அண்ணன்மார் ஆடிவிட்டுப் போன மரஸ்டிக். அதன் வளைவு சரளையில் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து நார் நாராக இருக்கிறது. அவனே ஃபெவிகால் போட்டு மேலே டேப் சுற்றியிருக்கிறான். என்ன ஸ்டிக் வாங்கலாம்?

பழைய_லெஃப்ட்ஹாஃப்:

விலை உயர்ந்த கார்பன் ஸ்டிக் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அது ரொம்ப விறைப்பாக இருக்கும், பந்து பட்டதும் தெறிக்கும், பந்தை அணைத்து நிறுத்தும் கை வராது. கார்பன் குறைவான சாதாரண காம்போசிட் (இழைகளைப் பிசினில் சேர்த்துச் செய்த ஸ்டிக்) போதும், இல்லை நல்ல மரஸ்டிக். நீளம்தான் முக்கியம். நேராக நிறுத்திப் பார்த்தால் இடுப்பெலும்பு அளவுக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கு 36.5 அங்குலம். வளர்ந்த பிறகும் ஆடட்டும் என்று அதை இப்போதே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், பையன் முதுகை நிமிர்த்தியே ஆடப் பழகுகிறான். சட்டை வாங்குவது போல வளர்த்தி பார்த்து வாங்காதீர்கள்.

காசு மிச்சம் இருந்தால் முன்னங்காலுக்கு ஷின் கார்டு, பல்லுக்கு மவுத் கார்டு இரண்டும் வாங்குங்கள். பந்து 160 கிராம் பக்கம் எடை. பல்லில் பட்டால் போனது போனதுதான்.

நிஜம்பேசுவோம்:

கொஞ்சம் கசப்பாக இருக்கும், மன்னிக்கவும். என் அண்ணன் ஹாக்கிக்காகப் பதினைந்து வருடம் கொடுத்தார். மாநிலம் வரை ஆடினார். இன்றைக்கு ஒரு தனியார் மில்லில் சூப்பர்வைசர். ஹாக்கிக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தடவை தேர்வில் நன்றாக ஆடியும் பட்டியலில் பெயர் வரவில்லை. யாரோ ஒருவருக்குத் தெரிந்த பையன் போனான். அதோடு அவர் மனசு விட்டுப்போனது.

டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கிய இந்திய அணிகளில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. ஒரு பிள்ளை வாழ்க்கையை இதில் பணயம் வைக்கச் சொல்லி நாம் யாருக்கும் உற்சாகம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

விசில்வாத்தியார்:

உங்கள் அண்ணனுக்கு நடந்தது பலருக்கும் நடந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. என் மாணவன் ஒருவனுக்கும் நடந்தது. அன்று அவனோடு ரயிலில் திரும்பி வந்தபோது விழுப்புரம் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் நம் பிள்ளைகள் மேலே போகவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் நம்மவர்கள் இரண்டு பேர். அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். இருவரும் கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். பாகிஸ்தானோடு 1-1 என்று முடிந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தியின் ஸ்டிக்கிலிருந்து வந்தது. அந்தத் தடவை இந்தியா வெண்கலம் வாங்கியது. 2023இல் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்த அணியிலும் கார்த்தி இருந்தார். நான் என் பையன்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்க்க வைத்தேன். மலேசியாவோடு இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது 1-3 என்று பின்னால் இருந்து, 4-3 என்று ஜெயித்தார்கள். பையன்களுக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் குரலே வரவில்லை.

அரியலூரில் அப்போது என்ன இருந்தது? ஒரு பயிற்சியாளரும் பையன்களும்தான். அங்கிருந்து கோவில்பட்டி விடுதிக்கு வந்ததால் வழி திறந்தது. ஆகவே விடுதியே வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். சாத்தூர்க்காரர் நிலைமை வேறு, அவருக்கு டர்ஃப் பஸ் தூரத்தில் இருக்கிறது. அது இல்லாத ஊர்ப் பையனுக்கு விடுதிதான் ஒரே கதவு.

நிஜம்பேசுவோம்:

சரி, அரியலூர் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன? அங்கேதானே என் அண்ணன் விழுந்தார்.

ரயில்வேகீப்பர்:

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் கோல்கீப்பர். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரைதான் இந்த வழியில் பள்ளம். பள்ளி முடிந்ததும் விடுதி இடம் போய்விடும். இந்திய ஜூனியர் முகாமுக்குப் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர். மீதி அத்தனை பேரும் அந்த மூன்று நான்கு வருடம் எங்கே நின்று ஆடுவது? அப்போது பிழைக்க வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து, டர்ஃபில் பயிற்சியும் கொடுக்கிற கல்லூரி. கூடவே பல்கலைக்கழக அணி. இடம் கொடுக்கிற கல்லூரிகள் நிறைய, பயிற்சி கொடுக்கிற கல்லூரிகள் குறைவு. சேரும் முன்பு மாலை ஐந்து மணிக்கு அந்தக் கல்லூரி மைதானத்தில் போய் நின்று பாருங்கள். எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

அப்புறம் சான்றிதழ். இதை எந்தப் பையனுக்கும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. மத்திய அரசு வேலைகளுக்கு வெறும் பங்கேற்புச் சான்றிதழ் போதாது, குறிப்பிட்ட படிவத்தில் வேண்டும். நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, பள்ளி தேசியப் போட்டி என்றால் படிவம் 4. போட்டி முடிந்த சூட்டோடு கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் பதவியிலேயே இருக்க மாட்டார். என்னோடு ஆடிய சென்டர் ஹாஃப் ஒருவன் என்னை விட நல்ல ஆட்டக்காரன், இந்த ஒரு தாளுக்காக இரண்டு வருடம் அலைந்தான்.

வேலை தருகிற இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. தெற்கு ரயில்வே, ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை), இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கென்று 500 இடம். இதில் எல்லாம் ஹாக்கிக்காரன் ஓட்டக்காரனோடும் கூடைப்பந்துக்காரனோடும் போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆனாலும் கதவு இருக்கிறது.

நான் தேறியது எப்படி என்று கேட்டால், கோல்கீப்பராக இருந்ததால். காலுக்குப் பேடு, பாதத்துக்குக் கிக்கர், ஹெல்மெட் என்று விலை எகிறும், அதனால் யாரும் பிள்ளையைக் கோலில் நிறுத்துவதில்லை. இந்தியாவின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷையே பாருங்கள். கேரளத்தில் ஹாக்கி பெரிதாக இல்லாத இடத்திலிருந்து, திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது அவர் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று பழகிக்கொண்டிருந்தவர். அங்கேயிருந்த பயிற்சியாளர்கள்தான் கோலில் நிற்கச் சொன்னார்கள். இரண்டு ஒலிம்பிக் வெண்கலம்! உங்கள் பையன் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். பதினான்கு வரைக்கும் எல்லா இடத்திலும் நிற்கட்டும்.

ரூர்கேலாதமிழன்:

வேலை நிமித்தம் ஒடிசா ரூர்கேலாவில் இருக்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. இந்த இழையில் நுழைய ஒரு காரணம் உண்டு. ரூர்கேலா இருக்கிற சுந்தர்கர் மாவட்டம் என்றால் திலீப் திர்க்கி, லாசரஸ் பர்லா, பீரேந்திர லக்ரா, அமித் ரோஹிதாஸ் என்று இந்திய அணிக்குத் தடுப்பாட்டக்காரர்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கிற மண். எப்படி என்று இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன்.

அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஊர் ஹாக்கிப் போட்டி. பரிசு என்ன தெரியுமா? ஆட்டுக்கிடா. ஜெயித்த அணி கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகும், ராத்திரி ஊரே சேர்ந்து சாப்பிடும். சின்னப் பிள்ளைகள் மூங்கிலை வளைத்து ஸ்டிக் செய்து ஆடுகிறார்கள். எந்தத் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. இந்த ஆட்டங்களில் கண்ணில் படுகிற பையன் பன்போஷ் விளையாட்டு விடுதிக்குப் போவான். அது 1985இல் தொடங்கியது. அங்கிருந்து மேலே. இப்போது வட்டாரத்துக்கு ஒரு டர்ஃப் என்று மாவட்டம் முழுக்கப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். 2023 உலகக் கோப்பைக்கு பிர்சா முண்டா மைதானமே இங்கே கட்டினார்கள்.

நான் பார்த்தவரை, விடுதிக்கு முன்னால் இருக்கிற அந்த ஊர் ஆட்டம்தான் இங்கே பலம். பையன் விடுதிக்கு வரும்போதே ஐந்து வருடம் ஆடியிருப்பான், அதுவும் தன்னைவிடப் பெரியவர்களோடு. நம் பக்கம் கோவில்பட்டியில் இதே மாதிரி ஒரு காலம் இருந்தது என்று என் அப்பா சொல்வார். தெருவுக்கு ஒரு டீம், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்ததும் கிரவுண்டுக்கு வருவார்களாம். அது இப்போதும் இருக்கிறதா?

பழைய_லெஃப்ட்ஹாஃப்:

இருக்கிறது அண்ணா, முன்பு போல இல்லை, ஆனால் இருக்கிறது. கிளப் அணிகள் இன்னும் ஆடுகின்றன. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது வந்து பாருங்கள். காலரியில் உட்கார்ந்திருக்கிற தாத்தா ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சாத்தூர்க்காரரே, அந்தப் போட்டிக்குப் பையனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் ஆறு மாதப் பயிற்சிக்குச் சமம்.

பச்சைஅட்டை:

நான் நடுவராக இருக்கிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், வயது. பிறந்த தேதியை இரண்டு வருடம் குறைத்துக் காட்டினால் சப் ஜூனியரில் பெரிய ஆளாகத் தெரிவான் என்று பெற்றோருக்கு ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து கேட்காதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள், மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும் நஷ்டம் பையனுக்குத்தான். தன்னைவிடச் சின்னவர்களை உடம்பால் தள்ளி ஜெயித்துப் பழகியவன், பதினெட்டில் தன் வயதுக்காரர்களைச் சந்திக்கும்போது கையில் ஆட்டம் இருக்காது. களத்தில் நின்று இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வெள்ளைநெட்:

ஹாக்கி இந்தியா லீக் வந்துவிட்டது, இனி கிரிக்கெட் போலப் பணம் வரும் என்கிறார்கள். அதை ஏன் யாரும் சொல்லவில்லை? தமிழ்நாடு டிராகன்ஸ் அணியே இருக்கிறதே.

ரயில்வேகீப்பர்:

நல்ல விஷயம்தான், ஆனால் கணக்கைப் பார்ப்போம். 2024 ஏலத்தில் ஆண்களுக்கு 8 அணி. ஓர் அணிக்கு 24 பேர், அதில் இந்தியர்கள் 16, அந்த 16இல் 4 பேர் ஜூனியராக இருக்க வேண்டும். அப்படியானால் நாடு முழுக்க 128 இந்தியர்கள், 32 ஜூனியர் இடங்கள். இந்திய அணித் தலைவராக இருந்த ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். ஆனால் அடிப்படை விலை 2 லட்சத்திலிருந்து தொடங்குகிறது. லீக் நடப்பது சில வாரம். பெண்களுக்கும் முதல் முறையாக லீக் வந்தது, 4 அணிகள்.

என் பார்வையில் அந்த 32 ஜூனியர் இடம்தான் லீக்கின் பெரிய பலன். இருபது வயதுப் பையன் பெல்ஜியம்காரனோடும் ஆஸ்திரேலியாக்காரனோடும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பேசுவான். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் லீக் பணத்தை நம்பி யாரும் வேலையை விட முடியாது. ஹாக்கியில் தொழில்முறை ஆட்டக்காரன் என்றால் இன்றைக்கும் ஒரு துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவன்தான்.

நிஜம்பேசுவோம்:

கீப்பர் சார், படிவம் பற்றி நீங்கள் எழுதியதை அண்ணனிடம் காட்டினேன். அவரிடம் இரண்டு சீனியர் தேசியப் போட்டிப் பங்கேற்புச் சான்றிதழ் இருக்கிறது, படிவம் 2 வாங்கவே இல்லை. "அப்படி ஒன்று இருக்குன்னே தெரியாதுடா" என்றார். வயது தாண்டிவிட்டது, இனி அவருக்குப் பயன் இல்லை. இங்கே எழுதியிருப்பதை வேறு பையன்கள் பார்க்க வேண்டும்.

கரிசல்அப்பா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

போன ஞாயிறு பையனைக் கோவில்பட்டி டர்ஃபுக்குக் கூட்டிப் போனேன். கூடவே அவன் அம்மாவும் வந்தாள், நான் கூப்பிடாமலே கிளம்பி நின்றாள். லெஃப்ட்ஹாஃப் அண்ணன் அங்கே இருந்த பயிற்சியாளரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். தரைக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். வெயில் பட்டு நீலத் தரை கண்ணைக் கூசியது. பையன் செருப்பைக் கழற்றி ஓரத்தில் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தான், ஈரமாக இருக்கிறது என்றான்.

முதல் பந்து அண்ணன் சொன்னது போலவே ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து போய்விட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும். திரும்பி எங்களைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உள்ளே போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று இருந்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, அவன் இடது கையைப் பிடித்துக் கீழே அழுத்தித் தரையில் வைத்தார், அவ்வளவுதான். அதற்கு அடுத்த பந்து நின்றது. ஒன்றரை மணி நேரம் அதையே செய்தார்கள், பந்தை நிறுத்துவது, திருப்பித் தள்ளுவது, நிறுத்துவது. கடைசியில் பத்துக்கு ஆறு ஏழு நின்றது. இடது கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது, காட்டவே இல்லை, பஸ்ஸில் தூங்கும்போதுதான் அவன் அம்மா பார்த்தாள்.

வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்த வருடம் விடுதி இல்லை. ஏழாம் வகுப்பை இங்கேயே படிக்கட்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டர்ஃபுக்குக் கூட்டிப் போகிறோம், ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். அடுத்த வருடம் எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு அவனுக்கே விருப்பம் இருந்தால் அனுப்புவோம். அவனிடம் சொன்னோம். ஒரு நாள் கோபமாக இருந்தான், பிறகு சனிக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

ஒரு சந்தேகம். முட்டி உரியாமல் இருக்கக் கையுறை போடலாமா, இல்லை இப்போது வெறும் கையோடுதான் பழக வேண்டுமா?

பழைய_லெஃப்ட்ஹாஃப்:

இடது கைக்கு மட்டும் போடுங்கள், விரல் நுனி திறந்திருக்கும் கையுறை கிடைக்கும். வெறும் கையோடு ஆடினால் முட்டி எரியும், எரிந்தால் கையைத் தூக்கிவிடுவான், மறுபடி பந்து அடியில் போகும். வருகிற சனிக்கிழமை நானும் வருகிறேன். என்னிடம் 34 அங்குல ஸ்டிக் ஒன்று சும்மா கிடக்கிறது, அவன் உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று நிறுத்திப் பார்ப்போம்.